லைட் ஹவுஸில் அழுத பேய்

வௌவால் நாற்றமும் உப்புக் காற்றும்... மணமேல்குடிப் பக்கத்து அந்தப் பழைய லைட் ஹவுஸை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். திருக்கோகர்ணத்திலிருந்து அந்தக் கடற்கரை ஊருக்கு டீச்சர் வேலைக்குப் போனேன். இருபது வயது. அம்மா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்த லைட் ஹவுஸ், இலங்கைக்குப் போகிற பாய்க்கப்பல்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியதாம். விளக்கை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்கேற்றியவர் கடலோடு போய்விட, அவர் பெண்டாட்டி பேயாக அங்கேயே இருந்து அழுகிறாள் என்று ஊரில் பேச்சு. அதுவும் பட்டப்பகலில், உச்சி வேளையில்!

பேய் இல்லை பிசாசு இல்லை என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவளாயிற்றே நான். ஒருநாள் மத்தியான இன்டர்வெல்லில் விறுவிறுவென்று படியேறிவிட்டேன்.

மேலே சிவகாமி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு மருமகள். புருஷன் பினாங்கு போய் நாலு வருஷம்.

"வீட்டுல அழுதா, போன எடத்துல அவுகளுக்கு ஆகாதுன்னு மாமியா ஏசுறாக டீச்சர். அதான் இங்கிட்டு வந்துருவேன். பேயாவே இருந்துட்டுப் போறேன்... யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

நான் தங்கியிருந்ததும் அடுத்தவர் வீடுதான். அங்கே அம்மாவை நினைத்து ஒருநாள்கூட வாய்விட்டு அழுததில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் உடைந்துபோனேன். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதன்பிறகு வாரம் ஒரு நாள், அங்கே இரண்டு பேய்கள்.

அழுகைச் சத்தம் கூடிவிட்டது என்று ஊர் பயந்துபோய், கோடாங்கியைக் கூட்டிவந்து பேயை ஓட்டுவதென்று கூட்டம் போட்டது. அவர்கள் படியேறினால் சிவகாமி கதி என்ன? மாட்டிக்கொள்வாள். அழுவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விடும்.

எழுந்து நின்று கூசாமல் பொய் சொன்னேன்.

"நானே கண்ணால பாத்தேங்க. ஓட்டுனா ஊருக்குள்ள வந்துரும் போல இருக்கு. அது பாட்டுக்கு அங்கிட்டே இருக்கட்டும்."

படித்த டீச்சரே சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் மேலே போனதும் சிவகாமி என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறு வருஷம் எனக்கு டிரான்ஸ்ஃபர். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போட்ட லெட்டர்களுக்குப் பதிலே இல்லை. புருஷன் திரும்பி வந்தாரா என்றுகூடத் தெரியாது... எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன், ஒரு வரி சேதிக்கு.

இப்போது சென்னையில் மகன் வீட்டில் எனக்கென்று தனி ரூம். யாரும் ஏச மாட்டார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். போன வருஷம் என் வீட்டுக்காரர் தவறியபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மணிக்கணக்காக உட்கார்ந்தும் அழுகை வரவில்லை.

சிவகாமி பக்கத்தில் இருந்திருந்தால் வந்திருக்கும்.