பக்கத்து வீட்டுக்குப் போன குளிர்

என் படுக்கையறையில் இருக்கும் ஏர்கோன் மகள் வாங்கிக் கொடுத்தது. ஒரு தீபாவளிக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றிரவு தங்குவதாகத்தான் பேச்சு. பேத்திக்கு ஐந்து வயது. மத்தியானத்துக்குள் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். "சூடு தாங்கலப்பா, இதுல எப்படிப் புள்ளைய படுக்க வைக்கிறது?" என்று மகள் பொழுது சாயுமுன்பே கோலாலம்பூருக்குக் காரைத் திருப்பிவிட்டாள். அடுத்த வாரமே சிரம்பானிலிருந்து ஒரு லாரியில் ஏர்கோன் வந்து இறங்கியது. "ரூம் ஜில்லுன்னு இருந்தா வந்து தங்குறேன்பா" என்று போனில் சொன்னாள். நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் படுத்து எழுந்ததில்லை. ஒரே ஒரு ராத்திரி அவர்கள் இங்கே தூங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஏர்கோன் ஓடியது, அறை குளிரவில்லை. அதற்கு நேர் கீழே நின்றால் உச்சந்தலை மட்டும் குளிரும். கட்டிலில் போய் உட்கார்ந்தால் பழைய புழுக்கம். ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பதினாறு வரை இறக்கினேன். அது அதற்குக் கீழே போக மறுத்தது. விட்டிருந்தால் பூஜ்யத்துக்கே கொண்டுபோயிருப்பேன். வெளியே மாட்டிய பெட்டி பகலெல்லாம் ஓயாமல் உறுமியது.

மின்சார பில் வந்த அன்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். வழக்கமாக மூன்று மாதத்துக்குக் கட்டுவதை ஒரே மாதத்தில் கேட்டிருந்தார்கள். எவனோ ஒயர் போட்டு என் கரண்டைத் திருடுகிறான் என்று கோபம் தலைக்கேறியது. மீட்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்களுடையது தோட்டக் காலத்து லயன், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். அதில் ஆள் இருப்பது என் வீட்டில் மட்டும். எவன் திருடப் போகிறான்? ஒருவன் திருடினால்கூடப் பரவாயில்லை, பேச்சுத் துணைக்காவது ஆவான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஃபில்டரைக் கழற்றி சோப்பு போட்டுக் கழுவினேன். ஜன்னலுக்கு இரட்டைத் திரை தைத்து மாட்டினேன். கதவிடுக்கில் பழைய கைலியைச் சுருட்டி வைத்தேன். கேஸ் குறைந்திருக்கும் என்று ஒருவர் வந்து நிரப்பிவிட்டுப் போனார். இரண்டு நாள் குளிர்ந்ததுபோல் ஒரு பிரமை, பிறகு அதே கதை. யானைப் பசிக்குச் சோளப்பொரி, இதைவிடப் பெரிய ஏர்கோன் வேண்டும் போலிருக்கிறது என்று முடிவுகட்டினேன். நடுவில் மகள் போன் செய்து, "ஏர்கோன் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டாள். "ஐஸ் மாதிரி இருக்கும்மா" என்றேன். "அப்ப ஸ்கூல் லீவுக்கு வரோம்" என்றாள். போனை வைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வாரம்தான் இருந்தது.

பக்கத்து டவுன் லுக்குட்டில் ஏர்கோன் பழுது பார்க்கும் ஒருவரைப் பிடித்தேன். நாற்பது வயது இருக்கும், நம்மாள்தான். மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்காலியில் ஏறிக் கருவியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"அங்கிள், ஏர்கோன் நல்லாத்தான் இருக்கு. ஒரு கோளாறும் இல்ல."

"அப்புறம் ஏன் தம்பி குளிர மாட்டேங்குது?"

"மேல பாருங்க லா. செவரு எங்க நிக்குது?"

பார்த்தேன். லயன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே வெறும் உத்திரமும் சூடேறிய ஜிங்க் தகரமும்தான். கூரைக்கடியில் ஆறு வீட்டுக் காற்றும் ஒன்று.

"பக்கத்து வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. சிரம்பானுக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு."

"இத்தன மாசமா அந்த வீட்டுக்குத்தான் ஏர்கோன் போட்டிருக்கீங்க அங்கிள்" என்று சிரித்தார்.

எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருடம் இதே தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை பார்த்தவன் நான். அங்கே கதவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூட சூடு போய்விடும் என்று எங்களை மேய்த்த மண்டோர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். அப்படிப் பழகிய எனக்கு என் கட்டிலுக்கு மேலே ஓர் ஆள் ஏறிக் குதிக்கும் அளவு திறந்து கிடந்தது கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து அதன் கீழேயே படுத்தவனுக்கு அது இடைவெளியாகவே தெரியவில்லை. சுவர் என்றால் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

அறை முழுவதற்கும் பிளைவுட்டில் சீலிங் அடிக்கச் சொன்னார். அவருக்குத் தெரிந்த தச்சர் பலகையோடு வந்தபோது எனக்கு மனம் வரவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கும், கருவாடு பொரிக்கும் வாசனை வரும். என் மனைவி கட்டிலில் படுத்தபடியே "என்ன அக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பாள், பதில் மேலே ஏறி வரும். இப்போது அங்கிருந்து எதுவும் வருவதில்லைதான். இருந்தாலும் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்க முடியாமல் வாசலில் போய் நின்றேன்.

மறுநாள் இருபத்து நாலில் வைத்தேன். அரை மணியில் போர்வை தேவைப்பட்டது. வெளிப்பெட்டி உறுமலை நிறுத்தி இளைப்பாறியது. இனி பில் பாதியாகிவிடும் என்றார் லுக்குட்காரர். பில் யாருக்கு வேண்டும்? லுக்குட் போய்ப் பூப்போட்ட புது மெத்தை விரிப்பும், பேத்திக்குச் சின்னத் தலையணையும் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை வந்தார்கள். பேத்தி அறைக்குள் நுழைந்ததும் "தாத்தா, சில்லுங்குது!" என்று போர்வைக்குள் புகுந்து கும்மாளம் போட்டாள். மகள் சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். "நல்லா செஞ்சிருக்கீங்கப்பா" என்றாள். ஆனால் காரிலிருந்து பை எதையும் அவள் இறக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் கோழி வெட்டினேன்.

சாப்பிட்டு முடித்து நாலு மணி இருக்கும். சமையலறை வாசலில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். "அப்பா..." என்றாள். மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தாள். போன தடவை சூடு இருந்தது, சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் அவள் தடுமாறுவதை நின்று பார்க்க என்னால் முடியவில்லை. பெற்ற பிள்ளை அல்லவா.

"நாளைக்கு ஹைவே ஜேம் ஆயிரும்மா. இப்பவே கெளம்புனா நல்லது லா" என்றேன்.

"ஆமாம்பா, நானும் அதத்தான் நெனச்சேன்" என்றாள். எவ்வளவு வேகமாகச் சொன்னாள்! முகமே தெளிந்துவிட்டது.

அறை சரியில்லை, அதனால்தான் தங்கவில்லை என்று இத்தனை நாளும் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். கார் செம்பனை மரங்களுக்குள் மறைந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். அறை நன்றாகத்தான் இருந்தது.