ஜோசியர் திறக்காத கதவு

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கட்டமும் தெரியாது, கிரகமும் தெரியாது. கையில் இருப்பது ஒரு வெப்பக் கேமரா. அதைச் சுவருக்கு நேராக நீட்டி, இதற்குப் பின்னால் ஒரு வயர் சூடாகிறது என்பார். உடைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். என் வீட்டுக் குளியலறைச் சுவரில் கசிவு எங்கே என்று தெரியாமல் ஒரு பிளம்பர் மூன்று நாள் டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தார். ஜோசியர் வந்து இரண்டே நிமிடத்தில் விரலை வைத்தார். ஈரம் இருக்கும் இடம் சற்றுக் குளிர்ந்திருக்குமாம், படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். அவர் மனைவிக்கு மட்டும் இதில் பெரிய மரியாதை கிடையாது. சுவருக்குப் பின்னால் இருப்பது தெரிகிறது, சட்டைப் பையில் இருக்கும் சாவி தெரியவில்லை என்பார்.

விஷயம் மந்திரம் இல்லை. சூடு உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதுதான் அகச்சிவப்பு. நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிறார்களே, அந்தக் கருவி அளப்பதும் இதையே. கேமரா அதைப் படமாக்கும்: சூடு வெள்ளை, குளிர்ச்சி கறுப்பு. நம் கண்ணைக் குருடாக்கும் புகையை இந்தக் கதிர் பெரும்பாலும் தாண்டி வந்துவிடும். அதனால் புகைக்குள் முதலில் போவது ஜோசியர். வண்டி ஓட்டுவதும், பம்பைப் பார்ப்பதும், உள்ளே போனவர்களின் சிலிண்டரில் எத்தனை நிமிடக் காற்று இருக்கிறது என்று பலகையில் எழுதுவதும் நான்.

அன்று பிற்பகல் மூன்று மணி. கீழே மெத்தைக் கடை, மாடியில் பல் மருத்துவமனை. மெத்தை எரிந்தால் வரும் புகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டாக்டரும் நோயாளிகளும் இறங்கிவிட்டார்கள். உதவியாளராக இருந்த பெண் மட்டும் வரவில்லை. எதிர்ப்பக்கத்துத் தையல் கடையில் வேலை செய்யும் அவள் தங்கை ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

ஜோசியரும் நெட்டையும் உள்ளே போனார்கள். நெட்டை எங்கள் குழுவில் உயரமானவன், புகையில் தவழும்போது அவன் படும் பாடு பெரும்பாடு. இருவருக்கும் இருபத்தைந்து நிமிடக் காற்று. காற்று குறைந்து யார் சிலிண்டர் முதலில் விசில் அடித்தாலும் இருவருமே திரும்ப வேண்டும். அது விதி.

வாக்கி டாக்கியில் ஜோசியரின் குரல் வந்தது. முதல் அறை காலி. இரண்டாவது காலி. மூன்றாவதும் காலி. பதினாறாவது நிமிடத்தில் சொன்னார்:

"ஆளு கிடைச்சாச்சு. காரிடார் கடைசியில, முட்டி போட்டு உக்காந்திருக்காங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. உடனே திரும்பி, கிடைத்துவிட்டார்கள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானே போய்த் தூக்கி வந்தது போல எனக்கு ஒரு பெருமை வேறு.

அரை நிமிடம் கழித்துக் குரல் வந்தது, கம்மிப்போய்:

"அது ஆளு இல்லப்பா. நான்தான்."

கடைசியில் இருந்தது கண்ணாடிக் கதவு. நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி திறந்த வழி. உடம்பின் சூட்டுக்கு அது மூடிய சுவர், கொஞ்சம் முகம் பார்க்கும் கண்ணாடியும்கூட. தவழ்ந்து வந்த தன் சூட்டையே அவர் அதில் பார்த்திருக்கிறார். சந்தேகம் வந்து கையை உயர்த்தினாராம், அதுவும் உயர்த்தியது. புதிதாகச் சேருகிறவர்களிடம், கண்ணாடியை நம்பாதே, தொட்டுப் பார் என்று பதினேழு வருடமாகக் கத்துகிற மனுஷர். யானைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்க வேறு நேரம் கிடைக்கவில்லையா?

அத்தோடு முடியவில்லை. இரண்டாவது, மூன்றாவது அறைகளுக்கும் கண்ணாடிக் கதவாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். படத்தில் ஒரே சாம்பல் நிறம் தெரிந்தது. திறந்த வாசல், உள்ளே யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டாராம். அவர் பார்த்தது அறையை அல்ல, மூடிய கதவை. காலி என்று அவர் சொல்ல, நான் பலகையில் எழுதி அடியில் கோடும் போட்டிருந்தேன்.

அப்போது நெட்டையின் சிலிண்டர் விசில் அடித்தது. வாக்கி டாக்கியிலேயே கேட்டது. திரும்புங்கள் என்றேன். திரும்புகிறோம், வழியில் ஒரு கதவைத்தான் திறக்க நேரம் இருக்கும் என்றார். எந்தக் கதவு? இரண்டாவதா, மூன்றாவதா?

தங்கை எழுந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, கிடைச்சிட்டாங்கன்னு சொன்னீங்களே. ஏன் இன்னும் கூட்டிட்டு வரல?"

நான் பம்பின் முள்ளைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஜோசியர் நெட்டையிடம் பேசுவது கேட்டது. "நாம வெள்ளையத்தான தேடுறோம். ரெண்டாவது வாசலுக்குக் கீழ கறுப்பா ஒரு கோடு இருந்துச்சு. தண்ணி சிந்தியிருக்குன்னு விட்டுட்டேன். அவ்வளவு சூட்டுல தண்ணி எப்படிப்பா நிக்கும்? ஈரத் துணி அது. உள்ள இருந்து யாரோ அடைச்சிருக்காங்க."

அதன்பின் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும். நெட்டைக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஐந்து. நான்கு. மூன்று நிமிடம் இருக்கும்போது படிக்கட்டுப் புகையிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். தங்கை என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. நடைபாதையில் உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஜோசியர் கவசத்தைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

"மொதல்ல வந்தப்பவே உங்க டார்ச் வெளிச்சம் கண்ணாடியில தெரிஞ்சுது. இருமல்ல கூப்பிட முடியல. ரெண்டு கையையும் ஆட்டினேன். வெளிச்சம் என் மேலயே விழுந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. என்னைப் பாத்துட்டுத்தான் விட்டுட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

டார்ச் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டும், அவள் கையின் சூடு தாண்டாது, புகையில் அவர் பார்த்தது கேமராவை மட்டும், அதுதான் காரணம் என்று எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஜோசியர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"பாக்கலம்மா," என்றார். "கதவத் தொறக்காமலே காலின்னு சொல்லிட்டேன்."