எஸ்தர் நட்ட தக்காளி

இன்று காலை மாடியில் தக்காளிச் செடிகளுக்குக் கொம்பு கட்டிவிட்டுக் கீழே வந்து முகத்தைத் துடைத்தபோது விரல்களில் அந்த வாசனை இருந்தது. பச்சையும் கசப்புமாக ஒரு வாசனை. பழத்துக்கு அது கிடையாது, இலைக்கும் தண்டுக்கும் மட்டும்தான். செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. எனக்கும் அது போக வேண்டாம் என்றுதான் இருந்தது.

செர்ரி தக்காளி. கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி வந்திருந்தபோது விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். முளைத்து நாற்றானதும், தொட்டிக்கு மாற்ற என் மனைவி எஸ்தரைக் கூப்பிட்டேன். மாடிப்படியிலேயே நின்றுகொண்டாள்.

"நீங்களே வைங்க. என் கை பட்டா வராது, தெரியும்ல."

இதை அவள் வருத்தமாகச் சொல்வதில்லை. சர்க்கரை இருக்கிறது, இனிப்பு வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்வாள். நானும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு நாற்றை நட்டேன்.

கல்யாணமான புதிதில் விருதுநகரில் நாங்கள் இருந்தது ஒரு லைன் வீடு. ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள், பின்னால் பொதுக் கிணறு, கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் நீளமாக ஒரு பாத்தி. பக்கத்துத் தெருவில் மிளகாய் வற்றல் கிட்டங்கி. அங்கே மூட்டை பிரிக்கும் நாளில் தெருவே தும்மும். இப்போதும் என் கனவில் அந்த வீடு வந்தால் எங்கோ ஒருவர் தும்முகிறார்.

அந்தப் பாத்தியில் விளைந்ததும் சிறிய தக்காளிதான். கோலிக்குண்டு அளவு, தாடை கூசும் புளிப்பு. அதற்குப் பெயர்கூட இல்லை. பெயர் வைக்காமலே தின்றுகொண்டிருந்தோம். கடைசியில் பழுத்தவற்றைப் பிதுக்கி, விதையைச் சாம்பலில் பிசைந்து சுவரில் அப்பிவைப்பார்கள். மறுவருடம் மழைக்கு முன்னால் சுரண்டி எடுத்து விதைப்பார்கள். ஐப்பசியில் நாற்று நடுகிற அன்று, முதல் நாற்றைக் கைராசிக்காரி ஒருத்தி ஊன்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். எஸ்தர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் பிள்ளைகள் அழாது என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தாள். அதனால் பாத்திக்கும் அவளையே அழைத்தார்கள்.

"ஏ எஸ்தரு, டூட்டிக்குப் பெறகு போலாம். ஒரு நாத்த ஊனிட்டுப் போ தாயி" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் கூப்பிடுவார்.

"மொதல்ல அவளக் கையக் களுவச் சொல்லு. டெட்டால் வாடைக்குச் செடி மயங்கிறப் போகுது." இது கோடி வீட்டுச் செய்யதம்மா. வளையல் கடைக்காரர் வீடு. பேச்சும் கலகலவென்றுதான் இருக்கும்.

எஸ்தர் கையைக் கழுவி, துடைக்காமல் உதறிக்கொண்டே போய் ஈரக் கையால் நாற்றை ஊன்றுவாள். பின்கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நடையை இப்போது நினைத்தாலும் மழை வரப்போவது போலிருக்கிறது.

நான் வேதியியல் படித்தவன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிக்குள் அடைக்கும் மருந்துச் சரக்குகளை நிறுத்துக் கொடுக்கும் வேலை. அதில் ஒன்று வெடியுப்பு. நாக்கில் வைத்தால் சில்லென்று இருக்கும். வைக்கக் கூடாதுதான், எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற வயது.

வெடியுப்பு செடிக்கு உரமும்கூட என்று கல்லூரியில் படித்திருந்தேன். அது பொய்யில்லை. எவ்வளவு போட வேண்டும் என்றுதான் நான் யோசிக்கவில்லை. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி ஓய்ந்து கிடந்தபோது, சோறு கொண்டுபோகும் தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு வந்தேன். வேலைக்கு வரும் பெண்களை வாசலில் காவலாளிகள் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

கிறிஸ்துமஸுக்குள் பாத்தி முழுக்கப் பழமாகத் தொங்க வேண்டும், எஸ்தரின் கையைத் தெருவே மெச்ச வேண்டும். அதுதான் ஆசை. ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவளை மட்டும் சர்ச்சுக்கு அனுப்பினேன். கிணற்றடியில் ஆளில்லாத நேரம் பார்த்து, பூ விட்டிருந்த ஒவ்வொரு செடிக்கும் ஒரு கைப்பிடி போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன்.

சில நாளில் இலை ஓரங்கள் கருகின, இஸ்திரிப் பெட்டி சுட்ட துணிபோல. பிறகு தண்டுகள் துவண்டன. பாத்தியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"பூச்சியா இருக்குமோ?" என்றார் பாக்கியத்தாய்.

"பூச்சின்னா ஓட்டை இருக்கும்ல? இது வெந்துல்ல கெடக்கு" என்றார் செய்யதம்மா. "கைச்சூடுதான், உண்டானவ கை பட்டா செடி கருகிரும். எஸ்தரு, உண்டாயிருக்கியாடி?"

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். அவள் உண்டாகியிருக்கவில்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

நான் அங்கேயேதான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கம்பெனிச் சரக்கை எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். படித்தவன் செடியை அவித்துவிட்டான் என்று சிரிப்பார்களே என்ற கூச்சமும் இருந்தது. எது பெரிது என்று இந்த வயதில் மழுப்ப வேண்டியதில்லை. கூச்சம்தான்.

அடுத்த ஐப்பசிக்குச் சுவரில் விதை இல்லை. சந்தையிலிருந்து பெரிய தக்காளி நாற்று வாங்கிவந்தார்கள். எஸ்தர் காலையிலேயே கையைக் கழுவிக்கொண்டு பின்கதவருகே நின்றாள். கிணற்றடியில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. யாரும் கூப்பிடவில்லை. கெட்ட மனது யாருக்கும் இல்லை. அன்று மாலையே பாக்கியத்தாய் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். ஆனால் எஸ்தர், கை ஈரம் காயும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து எனக்குச் சோறு கட்டினாள். பிறகு எங்களுக்கு மகள் பிறந்தாள், சொந்த வீடு கட்டினோம். ஒரு மல்லிகைப் பதியனைக்கூட அவள் ஊன்றவில்லை.

இன்று முதல் கொத்து பழுத்திருந்தது. பறித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்கு. ஆனா அந்தப் புளிப்பு இல்ல."

எந்தப் புளிப்பு என்று நான் கேட்கவில்லை. தூக்குவாளியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"வயித்துவலின்னு சொன்னீகளே. சர்ச்சுக்குப் போற அவசரத்துலயும் சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்தேன்."

"ஆமா."

"குடிச்சீகளா?"

"குடிச்சேன்."

"நல்லா வேணும்."

அதன்பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பாக்கியத்தக்கா இருக்கும்போதே சொல்லிருக்கலாம்ல? இப்பப் போயி யாருகிட்டச் சொல்ல, ஏங் கை நல்ல கைதான்னு?"

லைன் வீட்டை இடித்துவிட்டுச் செல்போன் கடைகள் கட்டிவிட்டார்கள். கிணற்றை மூடி, மேலே பைக் நிறுத்துகிறார்கள். எஸ்தர் ஒவ்வொரு வீடாகச் சொல்லி விரலை மடக்கினாள். பாக்கியத்தக்கா போயாச்சு. செய்யதம்மா மகன் வீட்டுக்குக் காயல்பட்டினம் போய் அங்கேயே அடங்கியாச்சு. நடுவீட்டுத் தையல்காரர் குடும்பம் திருப்பூரில் எங்கே என்று தெரியாது. அப்படியே வரிசையாக வந்து, எங்கள் வீடு வந்ததும் நிறுத்தினாள். விரலை மடக்கவில்லை. அவள் கை நல்ல கை என்று தெரிந்தவன் அந்த வரிசையில் நான் ஒருவன்தான் மிச்சம். கையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.