நிச்சயத்துக்கு ஒரு பழைய பாவாடை

முகர்தல்

ரவிக்கையின் அக்குளில் மூக்கை வைத்திருந்தபோது கதவு திறந்தது. பழைய துணி வியாபாரத்தில் கண்ணைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவள் நித்யா. தில்லி கிட்வாய் நகரில் எனக்கு இரண்டு மாடி மேலே வீடு, குருகிராமில் வேலை. ஜூனில், நடுப்பகலில், அவளுக்கு நிச்சயதார்த்தம். அந்த வெயிலில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தால் மயங்கி விழுவேன் என்றாள். தனித்தனி உருப்படிகளாக வேண்டும்; சேர்த்துப் போட்டால் விசேஷத்துக்கு, பிரித்துப் போட்டால் ஆபீசுக்கு. ஒரே ஒரு நிபந்தனை.

"பழசுன்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது அக்கா. அடுத்தவங்க கட்டினதைக் கட்டினா அவங்க தலையெழுத்தும் ஒட்டிக்குமாம். நிச்சயத்தையே நிறுத்திடுவாங்க."

குர்த்தா

தெருத்தெருவாகப் பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கும் பெண்களிடமிருந்துதான் என் சரக்கு வருகிறது. துவைக்கும் முன் பைகளைத் துழாவ வேண்டும். இந்த முறை மறந்துவிட்டேன். மெல்லிய வெள்ளை மல்மல் குர்த்தா ஒன்றை நித்யா போட்டுப் பார்த்தாள். தளர்வாக, காற்றாட, அவளுக்கென்றே தைத்தது போல் இருந்தது. கண்ணாடி முன் நின்று பைக்குள் கையை விட்டவள் எதையோ வெளியே எடுத்தாள்.

ஒரு பல்செட். கீழ்வரிசை.

நான் அலறிவிட்டேன். அவள் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"துவைச்சதுதானே? அது போதும். இதுக்குக் கீழே என்ன போடலாம், அதைச் சொல்லுங்க."

இஸ்திரி

கீழே போட மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடை அகப்பட்டது. புடவையை வெட்டித் தைத்தது. பச்சைக் கரை நெடுக மீன்கள். நித்யா சுற்றிச் சுற்றிப் பார்த்து, போதும் என்றாள்.

அதைக் காலனி வேப்பமரத்தடியில் இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்தது என் தவறு. எந்த வீட்டில் என்ன துணி இருக்கிறது என்று வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாவாடையை விரித்ததுமே இந்தியில் ஆரம்பித்தார்.

"இது புடவையா இருந்தப்பவும் நான்தான் தேய்ச்சேன் மேடம். அடுத்த பிளாக் பொண்ணோட நிச்சயப் புடவை. கல்யாணம் நின்னுபோச்சு, அந்தப் பொண்ணு கத்திரியை எடுத்துடுச்சு."

மண்டபம்

தலையெழுத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நித்யாவிடம் சொல்லவும் இல்லை.

நிச்சயத்தன்று அலங்கார அறையில் அவள் துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா குனிந்து பாவாடையின் ஓரத்தைத் தடவினார். "புதுப்பட்டு மொடமொடன்னுல்ல இருக்கும்? எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார். நல்லவேளை, மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். பாவாடையைப் பார்த்தார். தாம்பாளம் சாய்ந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டு வெளியே ஓடின. அவற்றைப் பொறுக்க நித்யாவின் அம்மா பின்னாலேயே போனார்.

"இந்தக் கரை காஞ்சிபுரத்துல நான் சொல்லி நெய்ய வெச்சது," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, தாழ்ந்த குரலில். "என் பையனுக்கு முன்னாடி நிச்சயம் பண்ணின பொண்ணுக்கு."

நித்யா நிமிர்ந்து நின்றாள்.

"அந்த நிச்சயத்தைப் பத்தி அவர் என்கிட்ட எப்பவோ சொல்லிட்டார் ஆன்ட்டி. அம்மாவுக்குத்தான் தெரியாது. இது பழசுங்கறதும் அம்மாவுக்குத் தெரியாது."

வெளியே பழங்களை எண்ணும் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை நேராகப் பிடித்தார்.

"அப்போ நாம ரெண்டு பேருமே வாயைத் திறக்க வேண்டாம், கண்ணு."

விதி

விற்ற துணியைத் திரும்ப எடுப்பதில்லை என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்; தில்லித் தமிழர்கள் இதே நாற்பது வீடுகளுக்குள் சம்பந்தம் செய்துகொண்டிருக்கும்வரை அது வெறும் காகிதம்தான்.

சபையில் கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு நித்யா மாற்றிக் கட்ட உள்ளே வந்தாள். அவள் அம்மா கொசுவத்தை நீவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தேன்: எங்களுக்குப் பின்னால், நாற்காலியில் கிடந்த பாவாடையை மாப்பிள்ளையின் அம்மா கரை உள்ளே போகும்படி மடித்து, தன் பையில் தேங்காய்களுக்கு அடியில் வைத்தார்.