அவன் தூங்கவைத்துப் போன கம்ப்யூட்டர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்ம தெரு நர்ஸம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. பிடித்த கை கடைசிவரை சில்லென்றே இருந்தது.

அவளுக்கு ஒரே மகன். நன்றாகப் பாடுவான். பாடியதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பான். ஒருநாள் அதை அணைக்காமல் தூங்கவைத்துவிட்டு, "இதோ வந்துடறேம்மா" என்று ஆற்றுக்குக் குளிக்கப் போனான். வரவில்லை. பிறகு கம்ப்யூட்டரும் புகைந்து செத்தது. மிஞ்சியது அதன் வயிற்றில் இருந்த டிஸ்க் ஒன்றுதான். அவன் குரல் வேறெங்கும் இல்லை.

பட்டப்பகலில் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரனை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். அவன் டிஸ்க்கை, விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓடும் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான்.

"இது விண்டோஸ் டிஸ்க், அக்கா. உங்க பையன் அணைக்கல, தூங்க வச்சிருக்கான். திரும்பி வருவான்னு அது இன்னும் இடம் பிடிச்சு வச்சிருக்கு. அதனால லினக்ஸ் படிக்க மட்டும்தான் விடும், புதுசா எதையும் எழுத விடாது. கண்ணாடிப் பெட்டிப் பலகாரம் மாதிரி. பார்க்கலாம், கை வைக்க முடியாது."

"எனக்கு அவன் குரல் போதும்பா."

பாட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பென்டிரைவுக்கு ஏறின. எல்லாம் பழைய தேதி. கடைசியில் ஒன்று மட்டும்... இன்றைய தேதி.

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "இதுல எழுதவே முடியாதேக்கா..."

திறந்தார்கள். மின்விசிறி. கிரீச்... கிரீச்... அதே கடை. பிறகு அவள் குரலே. "எனக்கு அவன் குரல் போதும்பா."

அதற்கடுத்து ஒரு மூச்சு. மிக அருகில். ஈரமாக.

இன்னொரு பதிவு முளைத்தது.

"அம்மா... இருக்கியா?"

"இருக்கேன்டா. பேசுடா. இங்கதான் இருக்கேன்."

சோடாபுட்டியின் விரல்கள் கீபோர்டில் படபடவென்று தட்டின.

"என்னப்பா பண்றே?"

"அந்தத் தூக்கத்தை அழிச்சிடறேன்க்கா. டிஸ்க் சரியாயிடும்."

"வேண்டாம்பா. அவன் திரும்பி வர இடம்..."

தட்டிவிட்டான்.

டிஸ்க் முழுசாகத் திறந்துகொண்டது. காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

கிரீச்... கிரீச்...

மறுநாள் சோடாபுட்டி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, என் கம்ப்யூட்டர்ல மைக்கே கிடையாது. என்னைக்கும் இருந்ததில்ல."

அவள் பென்டிரைவை டிவியில் செருகினாள். நேற்றுக் கடையில் ஏற்றியவற்றோடு ஒரு பதிவு கூடியிருந்தது. சோடாபுட்டி தட்டிய நிமிடத்துக்கு அடுத்த நிமிடம் காட்டியது.

"அம்மா, இருட்டாயிடுச்சு... யாரு மூடினது?"

உங்கள் வீட்டில் தூங்கப் போகிறவர்கள் எல்லோரும், கண்ணுகளா, விடிந்ததும் எழுந்து உங்களை வாய்நிறையக் கூப்பிடட்டும்.