ஒட்டிக்கொள்ளும் கட்டை

செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஹார்பர் லைன் ரயில்பாதை ஓடுகிறது. அதனால் மனைவியின் பியானோ வாசிப்பைப் பதிவு செய்ய உகந்த நாளை ரயில்வேதான் குறித்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்கள் நிற்கும் அந்தப் பகலை ஊரே சபிக்கும். அதற்காக ஆசையோடு காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கேட்டது மகள். கனடா போனவள். விசா இழுபறியில் இப்போதைக்கு வர வழியில்லை.

"அப்பா, சாயங்காலம் அம்மா வாசிப்பாளே, அதை ரெக்கார்ட் பண்ணி அனுப்பேன். வீடியோ கால்ல கேட்டா தண்ணிக்குள்ளேர்ந்து வராப்பல இருக்கு."

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு என் மனைவி தினமும் வாசிக்கும் ஒரு மெட்டு உண்டு. பள்ளிக்கூட நாளில் கற்றது. அடுத்த அறையில் மகள் அதைக் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டு வளர்ந்தாள்.

நான் டெண்டர் பார்த்தே தலை நரைத்தவன். ஸ்டூடியோக்காரன் சொன்ன தொகையை நிராகரித்துவிட்டு, குர்லாவில் இரண்டு மலிவான மைக் வாங்கினேன். பதிவுக்கு என் பழைய போன் போதும். மைக்கைப் பியானோவின் வாயருகே வைத்தால் உள்ளே சின்னச் சுத்தியல்கள் தந்தியை அடிக்கும் சத்தம்தான் கேட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூலில், துண்டை மடித்து அதன்மேல் வைத்தேன். வெற்றுச் சுவர் எதிரொலித்தது, தடித்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டேன். மெட்டில் உரக்க வரும் இடத்தை முதலில் வாசிக்கச் சொல்லி, போனில் ஒலியளவு சிவப்பைத் தொடாதபடி குறைத்தேன். மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்தம்.

இதற்கெல்லாம் முன்பே இன்னொன்றும் செய்திருந்தேன். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் அலுவலகத்துக்கு வெள்ளையடிப்போம். அந்தப் பழக்கம் போகவில்லை. பாந்திராவிலிருந்து சுருதி சேர்ப்பவரை வரவழைத்தேன். எல்லாம் முடித்துவிட்டு நடுவிலிருந்த ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார்.

"ஸாப், யே சிபக்தீ ஹை. டீக் கர் தூன்?"

ஏதோ ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்ததிலிருந்து ஒட்டிக்கொள்ளும் கட்டை அது. அழுத்தினால் எழும்பாது, விரலால்தான் தூக்கிவிட வேண்டும். அதைச் சரிசெய்யட்டுமா என்றுதான் கேட்டார்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே. எனக்குப் பழகிப்போச்சு" என்றாள் மனைவி.

"ரெக்கார்டிங்னா எல்லாம் சரியா இருக்கணும்" என்றேன். சரிசெய்துவிட்டுப் போனார்.

மெகா பிளாக் ஞாயிறு வந்தது. வாசிக்கும்போது அந்தக் கட்டையருகே மனைவியின் விரல் தானாக அடியில் போய் அதைத் தூக்கப் பார்த்தது. மெட்டு நின்றது.

"ஏன் நின்னுட்ட?"

"கை தானாப் போறது. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பதிவை அழித்தேன். அடுத்தது தடங்கலே இல்லாமல் வந்தது. ஒரு இரைச்சல் கிடையாது. எனக்கே நான் பதவி உயர்வு கொடுத்திருப்பேன்.

மறுநாள் மகள் கூப்பிட்டாள். "நன்னாருக்குப்பா. ரொம்ப க்ளியரா இருக்கு."

"ஆனா?"

"ஒண்ணுமில்லை. நடுவுல ஒரு இடத்துல அம்மா நின்னு, டக்குன்னு அந்தக் கட்டையைத் தூக்கிட்டு அப்புறம்தானே போவா? அது வரும் வரும்னு காத்துண்டே இருந்தேன். பாட்டு முடிஞ்சுபோச்சு. பரவால்லப்பா."

எத்தனையோ கோப்புகளில் 'திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். 'பரவால்ல' என்றால் என்னவென்று தெரியும்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. பியானோவை ஒட்டிய ஜன்னலை நான் சாத்துவதில்லை.

"ஏன்னா, சாரல் உள்ளே அடிக்கறது! வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆனேளா, புத்தியிலேர்ந்தா?"

"கொஞ்சம் ஈரம் ஏறட்டும்."

என்னைப் பார்த்தாள். பியானோவைப் பார்த்தாள். சாத்த வந்தவள் சாத்தாமலே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஸ்டூலும் மைக்கும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. ரயில் போனால் போகட்டும், அதுவும் பதிவாகட்டும். தினமும் சாயங்காலம் குக்கர் சத்தம் கேட்டதும் போய் அந்தக் கட்டையை அழுத்திப் பார்க்கிறேன். நல்ல சிப்பந்தி மாதிரி உடனே எழும்பி நிற்கிறது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்துவைக்கிறேன்.