ஆட்டு மூச்சு

எங்கள் நைனா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினவர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. எலும்புருக்கி என்று தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா இல்லாத வீடு. நைனாவின் அக்கா, என் அத்தைதான் என்னைப் பார்த்துக்கொண்டாள்.

புதிதாக வந்த ஊசியைப் போட்டார்கள். நைனாவோ சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான், தட்டைத் தொடுவதில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் ஊசி மட்டும் என்ன செய்யும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அத்தை அடுப்பருகில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் போய் வெள்ளச்சியின் கயிற்றை அவிழ்த்தாள்.

வெள்ளச்சி எங்கள் ஆடு. எலும்புருக்கிக்காரர் பக்கத்தில் ஆடு நின்றால் அதன் மூச்சே மருந்து என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. ராயபுரத்திலிருந்து நடந்தே போனோம். வழியில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்றையும் வெள்ளச்சி விட்டுவைக்கவில்லை.

வாசலில் வாட்ச்மேன் தடியைக் குறுக்கே நீட்டினார்.

“இன்னாம்மா, ஆடு அறுக்கற தொட்டின்னு நென்ச்சிக்கினியா?”

“ஆடு இல்லப்பா, மருந்து.”

“மருந்துக்குச் சீட்டு எங்க?”

அத்தை நோயாளியைப் பார்க்கும் சீட்டை நீட்டினாள். அவர் கை வருமுன் வெள்ளச்சியின் வாய் வந்துவிட்டது.

“பாத்துக்கோ, சீட்டு உள்ள பூட்ச்சி. மருந்தும் போவட்டும்” என்றாள் அத்தை.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வெராண்டா பக்கமா போ. பெரிய டாக்டரு கண்ல பட்டே, என் வேல காலி” என்று தடியை எடுத்தார்.

வெராண்டாவில் கடைசிக் கட்டிலில் நைனா எலும்பாகக் கிடந்தார். வெள்ளச்சி கயிற்றை உருவிக்கொண்டு ஓடிக் கட்டிலில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. நைனா திரும்பினார்.

“இன்னாமே, இளைச்சிப் பூட்டே?” என்றார், ஆட்டைப் பார்த்து!

நானும் படியேறினேன். “ஏய், அங்கயே நில்லு!” என்று அத்தனை பலத்தோடு கத்தினார். கீழேயே நின்றேன். அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகைத் தடவித் தடவிக் கொடுத்தார். பார்வை மட்டும் என்மேல் இருந்தது.

வீட்டில் எதுவானாலும் தான் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் வெள்ளச்சிக்குக் கொடுப்பார். அதுவும் அப்படித்தான் வாங்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரி ரொட்டியை நீட்டினார்; முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடித்தார், கொடுத்தார். மறுபடி கடித்தார். தூணருகில் நின்ற நர்சம்மா இன்னும் இரண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, “நாளைக்கும் வரட்டும்” என்றாள். அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நான் அந்த வாரம் முழுக்க ஆட்டுக்குத் தழை வைக்கவில்லை.

பல மாதம் கழித்து நைனா நடந்தே வீடு வந்தார். ஊசிதான் என்றார் டாக்டர், மூச்சுதான் என்றாள் அத்தை. வெள்ளச்சி ஓடிப்போய் முட்டியது; அதைத் தள்ளிவிட்டு, தெருவிலேயே குந்தி, இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினார்.

“டாக்டராண்ட கேட்டுட்டேன். இனிமே தூக்கலாமாம். வாம்மா.”

நான் அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெற்ற பிள்ளையைத் தூக்க எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.